புல்வெட்டும் வண்டிக்கு பார்ட் தேடிய கதை

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மூன்று நாள் மழைக்கப்புறம் நல்ல வெயில். ஒஹாயோவில் மே மாசப் புல் எப்படி வளரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், திரும்பிப் பார்ப்பதற்குள் கணுக்காலைத் தாண்டிவிடும். ஷெட்டைத் திறந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினேன். 'டிக்'. அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினேன். மறுபடியும் 'டிக்'.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி என்பது குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். முன்னால் ஒரு பெட்ரோல் இன்ஜின். வயிற்றுக்குக் கீழே ஒரு தகரத் தொட்டி, அதை 'டெக்' என்பார்கள். டெக்குக்குள் இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் மின்விசிறி போலக் கிடையாகச் சுற்றும். இன்ஜினில் இருந்து பிளேடுக்கும் பின்சக்கரத்துக்கும் பெல்ட் போகும். முக்கால் ஏக்கர் வீட்டைத் தள்ளும் மெஷினில் வெட்டினால் அரை நாள் போகும், இதில் ஒரு மணி நேரம். வெட்டாமல் விடவும் முடியாது. பல ஊர்களில் புல் 8 அல்லது 10 அங்குலத்தைத் தாண்டினால் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும்.

புது வண்டியின் விலை அதிகம். அதனால் முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன்.

'டிக்' என்ன சொல்கிறது?

சாஃப்ட்வேரில் பிழைச்செய்தி வராத பிழைதான் மோசம். இங்கே ஒரு செய்தி வருகிறது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

சாவியைத் திருப்பினால் கரண்ட் நேராக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகாது. மோட்டார் இழுக்கும் கரண்ட்டைச் சாவியின் மெல்லிய வயர் தாங்காது. அதனால் நடுவில் சோலனாய்டு என்று ஒரு சாமான் இருக்கும். சாவியில் இருந்து வரும் சின்னக் கரண்ட் பியூஸ், பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாவற்றையும் கடந்து சோலனாய்டின் சுருளுக்குப் போகும். சுருள் காந்தமாகி உள்ளே ஒரு செம்புத் தகட்டை இழுக்கும். அந்தத் தகடு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இணைத்தவுடன் பேட்டரியின் முழுக் கரண்ட்டும் ஸ்டார்ட்டருக்குப் போகும். அந்தத் தகடு இழுபடும் சத்தம்தான் 'டிக்'.

ஆக, ஒரே ஒரு 'டிக்' கேட்டால் சாவி, பியூஸ், பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தம். சந்தேகப்பட வேண்டிய பட்டியல் பாதியாகிவிட்டது. 'டிக் டிக் டிக்' என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். சத்தமே இல்லையென்றால் அந்த சுவிட்சுகளில் ஏதோ ஒன்று.

பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டியது, நல்ல சார்ஜ். சாவியைத் திருப்பும்போது 12.5-க்கு இறங்கியது. மோட்டார் உண்மையிலேயே சுமை இழுத்தால் 10 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. அடுத்து, சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். தகடு சரியாக ஒட்டினால் வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகணும். 12 அப்படியே நின்றது. தகடு இழுபடுகிறது, ஆனால் கருகிப்போனதால் கரண்ட்டை விடவில்லை. சோலனாய்டு காலி.

இதற்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. அதற்குப் பிறகு பார்ட் தேடுவதில்தான் நேரம் போனது.

மூன்று எண்கள்

இந்த வண்டிக்குப் பார்ட் தேடுகிற எல்லோரும் செய்யும் முதல் தப்பு, பிராண்டு பெயரைப் போட்டுத் தேடுவது. வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் பல சமயம் விற்ற கடையின் பெயர், செய்த கம்பெனியின் பெயர் இல்லை.

நல்ல உதாரணம் கிராஃப்ட்ஸ்மேன். பல பத்தாண்டுகள் சியர்ஸ் கடைகளில் விற்ற பெயர் அது. சியர்ஸ் அந்த வண்டிகளைத் தானே செய்யவில்லை. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கத்தைப் பார்த்தால் யார் செய்தது என்று தெரியும். 917 என்றால் பின்னாளில் ஹஸ்க்வர்னாவுக்குப் போன தொழிற்சாலை. 247 என்றால் எம்டிடி. வெளியே ஒரே பெயர், ஒரே சிவப்பு, உள்ளே பெல்ட்டும் புல்லியும் வேறு வேறு. அந்தப் பெயரை 2017-ல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது, 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. கடை போனாலும் அந்த மூன்று இலக்கம் வண்டியிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பார்ட் கிடைக்கும்.

என் கணக்கில் மூன்று எண்கள் வேண்டும்.

ஒன்று, வண்டியின் மாடல் எண். பெரும்பாலும் சீட்டைத் தூக்கினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைசி இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் மட்டும் மாறினாலே பெல்ட் மாறலாம். வெயிலில் வெளுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவிடுவது நல்லது.

இரண்டு, இன்ஜின் எண். இன்ஜினை வேறு கம்பெனி செய்திருக்கும், அதற்குத் தனி எண். மில்வாக்கியில் 1908-ல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களில் மாடல், டைப், கோடு என்று மூன்று வரிசை இருக்கும். மாடலின் முதல் ஒன்றிரண்டு இலக்கம் கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு. 31 என்று ஆரம்பித்தால் சுமார் 500 சிசி. கோடு என்பது பிறந்த தேதி: முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள். 060312 என்றால் 2006 மார்ச் 12. கார்புரேட்டர், ஃபில்டர், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான், வண்டியின் எண் இல்லை. கோலர் இன்ஜின் என்றால் மாடலோடு 'ஸ்பெக்' எண்ணும் கேட்பார்கள்.

மூன்று, பார்ட்டின் எண். மாடல் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பறக்கவிட்டது போன்ற படம் கிடைக்கும். அதில் தேவையான சாமானைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பட்டியலில் எண்ணை எடுக்கணும்.

பொதுச் சாமான், தனிச் சாமான்

எண் கிடைத்தாலும் எல்லாவற்றையும் கம்பெனி உறையில் வாங்கவேண்டிய அவசியமில்லை. சில பாகங்கள் உலகத்துக்கே பொது.

பிளேடு சுற்றும் தண்டில் இருக்கும் பேரிங் பல வண்டிகளில் 6203. அதே 6203 ஊரில் வாஷிங் மெஷினில் இருக்கும். உள்விட்டம் 17 மிமீ, வெளிவிட்டம் 40, தடிமன் 12. யார் செய்தாலும் இதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கம் 04-லிருந்து மேலே போனால் ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும்: 6204 என்றால் 20, 6205 என்றால் 25. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. புல்லும் தூசியும் அடிக்கிற இடத்துக்கு அதுதான் வேணும். ஒரே எச்சரிக்கை, சில வண்டிகளில் உள்விட்டம் மட்டும் 5/8 அங்குலம் என்று மாற்றிச் செய்த பேரிங் வரும், வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

சோலனாய்டும் ஏறக்குறைய பொதுச் சாமான்தான். ஆனால் மூன்று முனை, நாலு முனை என்று இரண்டு வகை. மூன்று முனையில் சுருளின் எர்த் அதன் உடம்பு வழியாகவே போகும், நாலு முனையில் எர்த்துக்குத் தனி வயர். பழசு எதுவோ அதையே வாங்கணும். எனக்கு 18 டாலர் ஆனது.

பெல்ட் பொதுச் சாமான் போலவே இருக்கும், ஆனால் இல்லை. நான் இதில் ஏமாந்தேன். சில வருஷம் முன்பு பழைய பெல்ட்டை நூல் வைத்து அளந்து, அந்த நீளத்துக்குச் சாதாரண வி-பெல்ட் வாங்கி மாட்டினேன். இரண்டு வாரத்தில் ரப்பர் கருகிய வாசனை. தப்பு இரண்டு. பழைய பெல்ட் இழுபட்டு நீண்டிருந்தது, அதன் அளவு உண்மையான அளவு இல்லை. அடுத்தது, இந்த வண்டியில் பெல்ட்டே கிளட்ச் வேலையும் பார்க்கும். பிளேடைப் போடும்போதெல்லாம் தளர்ந்த பெல்ட் திடீரென்று இறுகும். அந்த அடியைத் தாங்க உள்ளே அராமிட் நூல் வைத்த பெல்ட் வேண்டும். இதை மட்டும் எண் பார்த்தே வாங்குகிறேன்.

சீட்டுக்கு அடியில்

புது சோலனாய்டு போட்டதும் இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக வெட்ட ஆரம்பித்தேன். பாதியில் குறுக்கே குழந்தையின் சைக்கிள் கிடந்தது. வேறு யோசனையில் பிளேடை நிறுத்தாமலே பிரேக்கைப் போட்டு இறங்கிவிட்டேன்.

இன்ஜின் நிற்கவில்லை. பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. என் ஏழு வயது மகள் தண்ணி பாட்டிலோடு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். கை நடுங்கியது.

சீட்டில் ஆள் இல்லாமல் பிளேடு சுற்றக்கூடாது. அதற்குத்தான் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். கார் மாதிரி இல்லை இது. இந்த இன்ஜின்களில் சக்கரத்தில் இருக்கும் காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய கரண்ட்டைச் செய்துகொள்ளும். ஓடுவதற்கு பேட்டரி தேவையில்லை. நிறுத்துவதற்குத்தான் வயர் வேண்டும்: காயிலில் இருந்து வரும் ஒரு வயரை எர்த் பண்ணினால் தீப்பொறி நின்றுவிடும். பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால், சீட் சுவிட்ச் அந்த வயரை எர்த் பண்ணும்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சுக்குப் போகும் கனெக்டரில் ஒரு துண்டு வயர் சொருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் 'ஆள் உட்கார்ந்திருக்கிறார்' என்று வண்டியிடம் பொய் சொல்கிற வயர்.

யார் வைத்தது? நான்தான்.

இரண்டு கோடைக்கு முன்னால் மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இன்ஜின் நின்று நின்று போனது. சுவிட்சின் ஸ்பிரிங் போய்விட்டது. பார்ட் எண்ணைத் தேடினால் எல்லா இடத்திலும் 'இப்போது தயாரிப்பில் இல்லை'. ஒரு இடத்தில் ஆர்டர் போட்டேன், ஒரு வாரம் கழித்து பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அதற்குள் 'தற்காலிகமாக' இந்த வயர். அப்புறம் மறந்தே போச்சு. வேலையில் எத்தனை பேருடைய கோடில் 'பிறகு சரி செய்யணும்' என்ற கமெண்ட்டைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன்! இங்கே நான் கமெண்ட்கூட எழுதி வைக்கவில்லை.

இந்தத் தடவை உட்கார்ந்து சரியாகத் தேடினேன். அந்த எண் செத்துப்போகவில்லை, வேறு எண்ணாக மாறியிருந்தது. இந்தத் தொழிலில் இது தினசரி நடப்பது. கம்பெனி சுவிட்ச் செய்பவரை மாற்றும், இல்லை வடிவத்தைக் கொஞ்சம் திருத்தும், பழைய எண்ணை மூடிவிட்டுப் புது எண் கொடுக்கும். சில சமயம் மூன்று நாலு எண் சங்கிலியாகப் போகும். கடைக்காரரிடம் 'இந்த எண் இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'இந்த எண்ணுக்குப் பதிலாக இப்போது எது?' என்று கேட்கணும். நான் இரண்டு வருஷம் முன்பு கேட்கத் தவறிய கேள்வி இதுதான். சுவிட்சின் விலை 14 டாலர், மூன்று நாளில் வந்தது.

ஒரு குறிப்பு: சீட் சுவிட்சுகள் வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே நேரெதிராக இருக்கலாம். அழுத்தினால் இணைவது ஒரு வகை, அழுத்தினால் பிரிவது இன்னொரு வகை. மாட்டும் முன் மீட்டரில் இரண்டு நிலையிலும் பாருங்கள்.

பெரிய விவசாய டிராக்டர்களில் சாஃப்ட்வேர் பூட்டைத் திறக்கும் உரிமைக்காக இங்கே பெரிய சண்டை நடக்கிறது. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்காக அதற்கென்று சட்டமே போட்டது. என் வண்டியில் ஒரு வரி சாஃப்ட்வேர்கூட கிடையாது, என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. தடையாக இருந்தது ஒரு மாறிப்போன எண்ணும் என் சோம்பேறித்தனமும்தான். பார்ட் கிடைக்காதபோது மனுஷன் முதலில் கழற்றி எறிவது பாதுகாப்பு சுவிட்சைத்தான், ஏனென்றால் அது இல்லாமலும் வண்டி ஓடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். முந்தைய ஓனரும் என்னைப் போன்ற ஆளாக இருக்கலாம்.

சோதிப்பது சுலபம். சமதளத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டு இன்ஜினை ஓடவிட்டு பிளேடையும் போடுங்கள். காலை வண்டியிலேயே ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் சீட்டில் இருந்து தூக்குங்கள். இன்ஜின் உடனே அடங்கணும். அடங்காவிட்டால் அன்றைக்குப் புல் வெட்ட வேண்டாம். பிளேடு பக்கம் கை வைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். குழந்தையை மடியில் வைத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம். இந்த வண்டியை ஓட்டவே 16 வயசாவது ஆகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

அந்தத் துண்டு வயரைத் தூக்கிப் போடவில்லை. ஷெட்டின் உள்பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அதன் கீழே ஒரு சீட்டில் மூன்று எண்கள்: வண்டியுடையது, இன்ஜினுடையது, சீட் சுவிட்சின் புது எண். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் தடவை வெட்டும் முன் இடுப்பைத் தூக்கிப் பார்க்கிறேன். இந்த வருஷமும் இன்ஜின் நின்றது.