கல்லறையிலிருந்து வந்த பெயர்

சென்னையின் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் வட்டாரக் குன்றுகளில் உள்ள கருநீலச் சாயல் கொண்ட கடினமான பாறையின் பெயர் சார்னோக்கைட். ஊரார் வழக்கில் அது வெறும் கருங்கல். ஜல்லிக்கும் அஸ்திவாரத்துக்கும் உடைபட்டது.

கல் இங்கே உள்ளது. பெயரோ கல்கத்தாவிலிருந்து வந்தது. கல்கத்தாவை நிறுவியவராக நெடுங்காலம் கருதப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் அக்கல்லறையின் கல்லை ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கத்துப் பாறையோடு ஒத்திருந்தது. 1893இல் கட்டுரை எழுதி, சார்னோக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். சென்னையில் கால் ஊன்றிய கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர் கிடைத்தது சற்று வேடிக்கைதான். 1900இல் இவ்வகைப் பாறைகளைப் பற்றி விரிவான நூலையும் ஹாலண்ட் வெளியிட்டார்.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் கலந்திருப்பதே இப்பாறையின் அடையாளம். 'மிஞ்சிய வலிமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பிரெஞ்சு அறிஞர் ஹாவி இக்கனிமத்துக்குப் பெயரிட்டார். அதனோடு குழப்பிக்கொள்ளப்பட்ட ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தைவிட இது கடினமானது என்பதே காரணம். 1988இல் கனிமவியலாளரின் சர்வதேச அமைப்பு ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரை அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சார்னோக்கைட் நிலைத்தது.

பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை இது. அண்டார்டிகா, இலங்கை, நார்வே எனப் பல இடங்களில் கிடைக்கும் இத்தகைய பாறைகளுக்கும் அதே பெயர்தான். பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறையைப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.