சிறையும் சீர்திருத்தமும்

1908ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனாருக்கு ஆங்கிலேய அரசு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. எனினும் கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுக்க நேர்ந்தது. கைதியை வருத்துவதே சிறையின் நோக்கம் என அன்றைய ஆட்சியாளர் கருதினர். 1838இல் அறிக்கை அளித்த சிறைக்குழு, கைதிகளுக்குக் கல்வி புகட்டுவதையும் ஏற்கவில்லை. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமும் கட்டுப்பாட்டையே முதன்மையாகக் கொண்டது.

கைதியைத் திருத்துவதும் சிறையின் கடமை என்று 1919-20ஆம் ஆண்டுக் குழு எடுத்துரைத்தது. விடுதலைக்குப் பின் மாற்றங்கள் தொடர்ந்தன. கடல் கடந்து அனுப்பும் தீவாந்தர தண்டனை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. தகுதியுடையோரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை உறுதி பெற்று விடுவிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இராசத்தானின் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் கைதிகள் குடும்பத்துடன் வாழ்கின்றனர். பகலில் வெளியே சென்று உழைத்துப் பொருள் ஈட்டுகின்றனர்.

தண்டனை பெற்றவர் நிலை இவ்வாறு மாறியது. தீர்ப்பே பெறாதவர் நிலை என்ன? பீகார்ச் சிறைகளைப் பற்றிய நாளேட்டுக் கட்டுரையைக் கண்ட வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கொரானி, உச்ச நீதிமன்றத்தை நாடினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம், விசாரணை முடியாமலே பலர் அங்கு அடைபட்டிருந்தனர். பிணை பெற வழியற்ற ஏழைகள் அவர்கள். விரைந்த விசாரணை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என 1979இல் நீதிமன்றம் உரைத்தது. பல்லாயிரவர் விடுதலை பெற்றனர்.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணை பெறலாம் என்கிறது. ஆறு ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றமாயின், இரண்டு ஆண்டுகளில் அவர் வெளிவரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

ஆயினும் இன்றும் இந்தியச் சிறைகளில் உள்ளோரில் நால்வருக்கு ஏறத்தாழ மூவர் விசாரணைக் கைதிகளே. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் கூறாத ஒருவர் சிறையில் இழக்கும் நாள்களை யாராலும் திருப்பித் தர இயலாது. ஆகவே, நீதி நேர்மையாக இருப்பதோடு விரைவாகவும் கிடைத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
பிணை - வழக்கு முடியும்வரை வெளியில் இருக்க நீதிமன்றம் தரும் இசைவு
விசாரணைக் கைதி - வழக்கு முடியுமுன் சிறையில் உள்ளவர்
மெய்ப்பித்தல் - உண்மை என நிறுவுதல்

வினாக்கள்
1. சாங்கானேர்ச் சிறை பிற சிறைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு யாருடைய துன்பத்தைப் போக்கியது?
3. ஒன்பது ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றம் முதன்முறையாகச் சாட்டப்பட்டவர் எத்தனை ஆண்டுகளில் பிணை பெறலாம்?