தைத்த அண்ணம், அடைத்த காது

அண்ணப்பிளவோடு பிறந்த பிள்ளைக்கு ஒரு வயதையொட்டி ஆபரேஷன் முடிகிறது. குடித்த பால் மூக்கு வழியே வருவது நிற்கிறது. திருவண்ணாமலை வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக் காத்துக்கிடந்த அலைச்சல் தீர்ந்தது என்று குடும்பம் மூச்சு விடுகிறது. கர்ப்பத்தில் கிரகணம் பட்டதால்தான் பிளவு என்று போட்ட பழியும் மறந்துபோகிறது. காதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டே ஆகவேண்டும்.

நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கிறது யூஸ்டேஷியன் குழல். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டாக்கியின் பெயர் அது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளம், சரிவாக இறங்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதிதான், கிட்டத்தட்டப் படுக்கை வாட்டம். எப்போதும் மூடியே இருக்கும் இக்குழலை, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை ஒன்று இழுத்துத் திறக்கிறது. நடுவில் பிளந்த அண்ணத்தில் அந்தத் தசைக்குச் சரியான பிடிமானம் இல்லை. குழல் திறக்காது, காற்று போகாது. உள்ளிருக்கும் காற்றைச் சவ்வு உறிஞ்சிவிட, அந்த இடத்தில் நீர் கோத்து நாளடைவில் கோந்தாக இறுகுகிறது.

1969இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அண்ணப்பிளவுள்ள 50 கைக்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய எல்லோருக்குமே நடுச்செவியில் கோளாறு இருந்தது. தைத்த பிறகும் குழல் ஒழுங்காக வேலை செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த நீரால் வருவது முழுச்செவிடு அல்ல. கதவு அடித்தால் பிள்ளை திரும்பும், செல்போன் மணிக்கு ஓடிவரும். 'காது நல்லாத்தானே கேக்குது' என்பார் பாட்டி. மெல்லிய மெய்யொலிகள்தான் தப்பிப்போகின்றன. சளி பிடித்த வாரம் மந்தம், அடுத்த வாரம் தேவலை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் அந்தப் பிள்ளைக்குக் 'கவனமில்லாதவன்' என்ற பட்டம் கிடைக்கிறது. பேச்சு தெளியாவிட்டால் குற்றம் அண்ணத்தின் மேலேயே விழுகிறது. தன் காதில் சரியாக விழாத ஒலியை அவன் எப்படிச் சரியாகச் சொல்வான்?

இத்தகைய பிள்ளைகளுக்குக் கிராமத்திலேயே உதவி கொடுப்பதில் திருவண்ணாமலை மாவட்டம் முன்னோடி. சென்னை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று 2000களின் நடுவிலிருந்து இங்குள்ள கிராமங்களில் உள்ளூர் ஆட்களைப் பழக்கி, அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்தது. வீடு தேடி வந்த அந்தச் சேவையைப் போலக் காதுப் பரிசோதனையும் வரவேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகும் ஆண்டுதோறும்.

செவிப்பறையில் துளையிட்டுக் குரோமெட் என்னும் சின்னக் குழாயை வைத்து நீரை வடிப்பது ஒரு வழி. வயது ஏற ஏறக் குழல் தேறும், அதுவரை காதுகேட்கும் கருவி போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எந்த வழியானாலும் கண்காணிப்பு விடக்கூடாது. உள்ளிழுத்துக்கொண்ட செவிப்பறையில் தோல் செதில் சேர்ந்து எலும்பையே அரிக்கும் நோய், அண்ணப்பிளவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகிறது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கவேண்டிய நிலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அண்ணப்பிளவு பிறவிக் குறைகளில், காது அழற்சி குழந்தைநோய்களில், கேள்திறன் குறை வளர்ச்சிக் குறைகளில் என்று மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. அங்கன்வாடிக்கு வரும் இத்திட்டக் குழு முதலாவதைக் குறித்தவுடன் மற்ற இரண்டையும் அதே பிள்ளையிடம் தேடிப் பார்க்கவேண்டும்.