நெக்ரோனி

நெக்ரோனி என்பது ஜின், காம்பாரி, சிவப்பு இனிப்பு வெர்மூத் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து தயாரிக்கப்படும் இத்தாலிய காக்டெயில் ஆகும். கசப்பும் இனிப்பும் ஒருசேர இருப்பது இதன் தனித்தன்மை. பசியைத் தூண்டுவதற்காக உணவுக்கு முன் அருந்தப்படும் பானங்களின் வகையைச் சேர்ந்தது. மூன்று பொருட்களில் ஒன்றை மாற்றினால் வேறொரு காக்டெயில் கிடைக்கும். சுவையுடன் ஆல்ககாலின் அளவும் மாறும்.

தோற்றம்

நெக்ரோனிக்கு முன்பே அமெரிக்கானோ என்னும் பானம் இத்தாலியில் புழக்கத்தில் இருந்தது. அது காம்பாரி, இனிப்பு வெர்மூத், சோடா ஆகியவற்றின் கலவை. 1919-இல் புளோரன்சு நகரின் காஃபே கசோனி என்ற மதுக்கூடத்தில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தமது அமெரிக்கானோவைக் கடுமையாக்கித் தருமாறு கேட்டதாகவும், பணியாளர் ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி சோடாவுக்குப் பதிலாக ஜின் சேர்த்ததாகவும் கூறப்படுகிறது. வேறுபாடு தெரிவதற்காக எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சுத் துண்டு வைக்கப்பட்டதாம். பாஸ்கல் ஒலிவியே டி நெக்ரோனி என்ற பிரெஞ்சுத் தளபதியே இதனை உருவாக்கியவர் என்ற மறுதரப்பும் உண்டு.

சேர்பொருட்கள்

ஜின்: ஜூனிப்பர் காய்களின் மணமேற்றிய வடிமது. கலவைக்குக் கடுமையைத் தருவது இதுவே.

காம்பாரி: காஸ்பாரே காம்பாரி 1860-இல் நோவாரா நகரில் உருவாக்கிய கசப்பு மது. இதன் செய்முறை இரகசியமாகக் காக்கப்படுகிறது. இதன் சிவப்பு நிறம் முன்பு கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் சர்க்கரையும் கணிசமாக உண்டு.

வெர்மூத்: மூலிகைகள் சேர்த்து, வடிமதுவால் வலுவூட்டப்பட்ட திராட்சை மது. கசப்பு மூலிகை ஒன்றின் ஜெர்மானியப் பெயரான ‘வெர்முட்’ என்பதிலிருந்து இப்பெயர் வந்தது. 1786-இல் அந்தோனியோ பெனதெத்தோ கார்ப்பானோ தூரின் நகரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். திறந்த புட்டியில் காற்றுப் பட்டுச் சுவை கெடும் என்பதால் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.

தயாரிக்கும் முறை

அகன்ற, குட்டையான கண்ணாடிக் குவளையைப் பனிக்கட்டிகளால் நிரப்பி, மூன்று பொருட்களிலும் தலா 30 மில்லிலிட்டர் ஊற்றி, நீண்ட கரண்டியால் மெதுவாகக் கலக்கவேண்டும். மேலே ஆரஞ்சுத் துண்டு வைக்கப்படும். மூடிய குடுவையில் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து பானம் கலங்கிவிடும், ஆகவே குலுக்குவதில்லை.

பனிக்கட்டி குளிர்ச்சிக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அது உருகித் தரும் நீரே கசப்பையும் கடுமையையும் தணிக்கிறது. சிறு கட்டிகள் விரைவில் உருகிப் பானத்தை நீர்த்துப்போகச் செய்யும்; பெரிய கட்டிகள் மெதுவாக உருகும்.

வேறு வடிவங்கள்

புலவார்டியே: ஜின்னுக்குப் பதிலாக போர்பன் அல்லது கம்பு விஸ்கி சேர்க்கப்படுகிறது. பாரிசில் புலவார்டியே என்ற இதழை நடத்திய அமெரிக்கரான எர்ஸ்கின் க்வின் பெயருடன் இணைத்து, ஹாரி மெக்கெல்ஹோன் 1927-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடப்பட்டது.

ஸ்பால்யாத்தோ: ஜின்னுக்குப் பதிலாக நுரைக்கும் திராட்சை மது. மிலான் நகரின் பார் பாஸோவில் மிர்கோ ஸ்டொக்கெத்தோ புட்டியை மாற்றி எடுத்ததால் பிறந்ததாகச் சொல்வர். இத்தாலிய மொழியில் ‘ஸ்பால்யாத்தோ’ என்றால் ‘தவறிப்போனது’ என்று பொருள்.

வெள்ளை நெக்ரோனி: வெய்ன் காலின்ஸ் என்பவர் 2001-இல் பிரான்சில் உருவாக்கியது. ஜின் அப்படியே இருக்க, காம்பாரிக்குப் பதில் ஜென்சியன் வேரின் கசப்புடைய சூஸ், வெர்மூத்துக்குப் பதில் லிலே பிளாங்க் ஆகியவை சேர்க்கப்படுகின்றன.

இவை எல்லாவற்றிலும் கசப்புக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று, உடன் மூன்றாவதாக ஒன்று என்ற அமைப்பு மாறுவதில்லை.

ஆல்ககால் அளவு

பழச்சாறு அல்லது சோடா சேரும் காக்டெயில்களைப் போலன்றி, நெக்ரோனியின் மூன்று பொருட்களும் மதுவே. ஜின், விஸ்கி 40%, காம்பாரி 25%, வெர்மூத் 16%, நுரைக்கும் மது 11% எனக் கொண்டால், ஒரு குவளையில் உள்ள தூய ஆல்ககால் பின்வருமாறு அமையும். புலவார்டியேயில் விஸ்கி 45 மில்லிலிட்டர். மற்றவை எல்லாம் தலா 30.

• அமெரிக்கானோ: 12.3 மில்லிலிட்டர்
• ஸ்பால்யாத்தோ: 15.6 மில்லிலிட்டர்
• நெக்ரோனி: 24.3 மில்லிலிட்டர்
• புலவார்டியே: 30.3 மில்லிலிட்டர்

சோடா இருந்த இடத்தில் ஜின் வந்ததும் ஆல்ககால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. நெக்ரோனியில் உள்ள 24.3 மில்லிலிட்டரின் எடை சுமார் 19 கிராம். ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்ககால் ஒரு நிலையான மது அளவாகக் கணக்கிடப்படுகிறது. அதன்படி இந்தச் சிறு குவளை ஒன்றே ஏறக்குறைய இரண்டு அளவு. இனிப்பும் குளிர்ச்சியும் கடுமையை மறைப்பதால் அருந்துபவர் இதனை எளிதில் உணர்வதில்லை. மது அருந்துவதில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெரிவித்தது.