நிர்பய் குரூஸ் ஏவுகணை

இந்தியாவில் உருவான முதல் நெடுந்தூரக் குரூஸ் ஏவுகணை ‘நிர்பய்’. நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் பெங்களூரு ஆய்வகம் ஏடிஇ இதை வடிவமைத்தது. இலக்குத் தூரம் 1,000 கி.மீ.

ஏவியதும் திட எரிபொருள் பூஸ்டர் இதை மேலே தூக்குகிறது. பூஸ்டர் கழன்றதும் உடலோடு மடிந்திருந்த இறக்கைகள் விரிகின்றன, சிறிய ஜெட் எஞ்சின் இயங்கத் தொடங்குகிறது. அதன்பின் இது ஆளில்லா விமானமேதான். வேகம் சுமார் மாக் 0.7, பயணிகள் ஜெட் விமானம்கூட இதை முந்திவிடும். ஆனால் தரையையோ கடலையோ ஒட்டிப் பறப்பதால், பூமியின் வளைவு தொலைதூர ரேடார்களிடமிருந்து இதை மறைத்துவிடுகிறது.

சோதனைகள் லேசில் கைகூடவில்லை. ஒடிசாவின் சாந்திப்பூரில் 2013 மார்ச் 12 அன்று நடந்த முதல் சோதனையில் ஏவுகணை பாதை விலகியது. பயணம் பாதியில் நிறுத்தப்பட்டது. 2014 அக்டோபரில் வெற்றி. 2015, 2016 இரண்டிலும் தோல்வி. 2017 நவம்பர் 7 அன்று 50 நிமிடங்களில் 647 கி.மீ. பறந்து திட்டத்துக்கு உயிர் கொடுத்தது.

தொடக்கத்தில் எஞ்சின் ரஷ்யாவிலிருந்து வந்தது. நிர்பயின் வழியில் உருவான ஏவுகணை 2024 ஏப்ரல் 18 அன்று உள்நாட்டு எஞ்சினுடன் பறந்தது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, நிலத்திலுள்ள இலக்குகளைத் தாக்கும் நெடுந்தூர வடிவம் நடமாடும் ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது.