பதக்கம் போனது, பயிற்சி போகவில்லை



பேராதனையில் நாம் மாதந்தோறும் கூடும் பெண்கள் குழுவில் முல்லைத்தீவுச் சகோதரி ஒருவர் இருக்கிறார். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து அணித் தலைவியாக இருந்தவர். அயலிலுள்ள சிறுமிகளுக்கு விளையாட்டுப் பழக்க முடியுமா என்று கேட்டபோது, “என்ர சேட்டிபிக்கேற் எல்லாம் 2009இல இடம்பெயரேக்க போட்டுது மிஸ். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நான் ஆருக்கு என்னத்தைப் பழக்கிறது?” என்றார்.

அன்று நான் அவருக்குச் சாந்தி சௌந்தரராஜனின் கதையைச் சொன்னேன்.

சாந்தி தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்தவர். எம் மலையகத்தில் பலருக்குப் பாட்டன் பூட்டன் ஊர் அந்தப் பக்கம்தான். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான அவர், 2006 டிசம்பரில் கட்டார் நாட்டின் டோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களிலேயே, பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று கூறி அப்பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் உடல் பற்றிய அந்தரங்கம் உலகச் செய்தியாகியது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர் ஊராரின் பார்வைக்கு அஞ்சி வாழ நேர்ந்தது.

தமிழக அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபா வழங்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். தான் ஓட முடியாத பாதையில் பிள்ளைகளை ஓட வைத்தார். ஆயினும் ஒப்பந்த அடிப்படையில் கிடைத்த பயிற்றுநர் வேலை நிலைக்கவில்லை. 2012இல் நாட்கூலிக்கு அதே செங்கல் சூளைக்குத் திரும்பினார்.

அவரது நிலை பத்திரிகைகளில் வெளிவந்த பின்னர், பெங்களூரில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் கல்வி கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. படித்து டிப்ளோமா பெற்றார். 2016இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்றுநராக நியமித்தது. இடைப்பட்ட காலத்தில், இதேபோல 2014இல் ஒதுக்கப்பட்ட ஒடிசா வீராங்கனை தூத்தி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015இல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். 2006இல் சாந்திக்காக அப்படி வழக்காட எவரும் முன்வரவில்லை. அவரது பதக்கம் திரும்பி வரவுமில்லை.

இது வெற்றிக் கதை மட்டுமல்ல. பறிக்கப்பட்டது பறிக்கப்பட்டதுதான். ஆனால் காலில் இருந்த ஓட்டத்தையும், அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவையும் எந்தச் சபையாலும் பறிக்க முடியவில்லை. அந்த அறிவுக்கு ஒரு சான்றிதழும் சேர்ந்தபோதுதான் அது நிலையான சம்பளமாகியது. இரண்டும் வேண்டும், சகோதரிகளே.

சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். விளையாட்டில் ஈடுபட்டமைக்குப் பழைய பாடசாலை அதிபரிடம் கடிதம் கேட்கலாம்.

அந்தச் சகோதரியும் நானும் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. சென்ற சனிக்கிழமை ஒன்பது சிறுமிகள் அவரைச் சூழ்ந்து நின்று பந்தை எப்படிப் பிடிப்பது என்று பழகிக்கொண்டிருந்தார்கள்.