குழந்தை இன்னும் உட்காரவில்லை: யார் செய்த தவறு?

"பத்து மாதம் ஆகிறது, இன்னும் உட்காரவில்லை" என்று சொல்லும் தாய், அடுத்த வாக்கியத்திலேயே தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறார். வயிற்றில் பிள்ளையோடு கரும்புக் கொல்லைக்குச் சென்றது, கிரகணத்தன்று வெளியே வந்தது, தாய்ப்பால் போதாமற்போனது எனப் பட்டியல் நீளும். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வரும் பெற்றோரிடம் நான் அடிக்கடி கேட்பது இது. உடன் வந்த மாமியார் பேசாமலிருந்தால், அந்த மௌனமும் தாய்க்குக் குற்றச்சாட்டாகவே படுகிறது.

குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதே நான் முதலில் கேட்பது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முந்திப் பிறந்தது. அதன் வளர்ச்சியை அளக்கும்போது, பத்து மாதத்தை ஏறத்தாழ எட்டு மாதம் என்றே கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இக்கணக்கே பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானமின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதம் வரையிலும், தனியே நடத்தல் 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரையிலும் நிகழ்ந்தன. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. எனவே, பக்கத்து வீட்டுக் குழந்தை ஓராண்டில் நடந்தது ஓர் அளவுகோல் ஆகாது.

ஆயினும் "இவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான்" என்ற ஆறுதலை நம்பிக் காத்திருப்பதும் சரியன்று. நான்கு மாதத்தில் தலை நிற்காமை, ஒன்பது மாதத்தில் உட்காராமை, பதினெட்டு மாதத்தில் நடவாமை, உடல் விறைத்தோ துவண்டோ இருத்தல், ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தல் ஆகியவை கண்டால் உடனே வர வேண்டும். கற்றதைக் குழந்தை இழக்குமானால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

காரணங்கள் பல. பிறந்தபோது மூளைக்கு உயிர்வளி குறைந்திருக்கலாம். தைராய்டுச் சுரப்பு குறைந்திருக்கலாம். தசை நோயாகவும் இருக்கலாம். நெருங்கிய உறவுத் திருமணம் சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். அதை நாங்கள் கேட்பது எந்தப் பரிசோதனை தேவை என்று அறியவே. பழி சுமத்த அன்று. கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்குமில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கூலி வேலைக்குச் சென்றதைக் குற்றமென எண்ணவும் இடமில்லை.

"ஏன் இத்தனை தாமதமாக வந்தீர்கள்?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவனே. அந்தக் கேள்விக்கு அஞ்சியே சிலர் அடுத்த முறை வராமற்போனார்கள் என்பது பின்னரே புரிந்தது. இப்போது கேட்பதில்லை.

தைராய்டுக் குறைவுக்கு நாள்தோறும் மாத்திரை உண்டு. எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. மூளை முடக்குவாதத்தை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால், இயன்முறைப் பயிற்சி தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிப்போவதைக் குறைக்கும். சக்கரம் வைத்த வட்ட வாக்கரை வாங்காதீர்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, விழுந்து அடிபடவே வழிசெய்கிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பகலில், நீங்கள் அருகிலிருக்கும்போது, குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. அவர்களிடமும் காட்டலாம். எங்களிடம் வரும்போது, பிறந்த மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் தாளையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டுவாருங்கள். வீட்டில் குழந்தை விளையாடுவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து வந்தால் இன்னும் நல்லது. எங்கள் அறையில் அது பெரும்பாலும் அழத்தான் செய்யும்.